போனுக்கு நெத்தி எது

அதான் ஜெர்லின், வெள்ளிக்கிழம ஆப் செய்யறவங்க கூடற மீட்டிங்ல எதிர்வீட்டு ராஜாம்பாள் அத்த கதைய சொல்லப்போறேன்னியே, இத முழுசா படிச்சிட்டு அப்புறமா சொல்லு. மாதா புண்ணியத்துல நானும் உங்க பெரியப்பாவும் இங்க நல்லா இருக்கோம், முட்டிவலிதான் எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்தி விசாரிச்சிட்டுப் போவுது, நீ அந்தப் பிரான்சு குளிர்ல நல்லபடியா இருக்கணும்னு தெனம் ஜெபமாலையில உன் பேரச் சொல்லாம விடறதில்ல. இதெல்லாம் போன்லயே சொல்லியிருப்பேன், ஆனா நான் வாயத் தொறக்கறதுக்குள்ள பெரியப்பா பக்கத்துல உக்காந்து சிரிக்க ஆரம்பிச்சிடறாரு, அதனாலதான் பேப்பர்ல எழுதி போட்டோ புடிச்சி வாட்சப்புல அனுப்பறேன்.

நீ அனுப்பின கைக்கடியாரத்த கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். போன ஞாயித்துக்கெழம பூசையில சாமியாரு அப்பத்தத் தூக்கிக் காட்டற எழுந்தேற்றம் நேரம், எல்லாரும் முட்டிபோட்டு தலகுனிஞ்சிருக்காங்க, அது கையில சுர்ருன்னு அதிர்ந்து ரொம்ப நேரமா உக்காந்திருக்க, எழுந்து நில்லுன்னு காட்டுது. படிச்ச புள்ள அனுப்பினது சொல்லுது, ஒடம்புக்கு நல்லதுக்குத்தான் சொல்லும்னு நானும் எழுந்து நின்னுட்டேன், என்னப் பாத்துட்டு பின்னால ரெண்டு வரிசை எழுந்து நின்னுடுச்சி, சாமியாரு தூக்கின கை தூக்கினபடி என்னையே பாத்தாரு. நீ ஆப் செய்யற வேலையப் பத்தி மாதர் சங்கத்துல பேசினதும் இந்த லட்சணந்தான். ரெண்டு வகை போனுக்கும் ஆப்ப ஒரே தடவையா எழுதற கருவி ஒண்ணு இருக்குன்னியே, அத நான் ஒரே மாவுல இட்லியும் ஊத்தி தோசையும் ஊத்தற மாதிரின்னு புரிஞ்சிக்கிட்டேன், ரெண்டும் சுமாராத்தான் வரும், எனக்குத் தனித்தனியா எழுதறதுதான் புடிக்கும்னு நீ சொன்னதையும் எடுத்து விட்டேன், எல்லாரும் தலையாட்டினாங்க. அதோட நிறுத்தியிருக்கலாம். இப்பல்லாம் பாதிய கம்ப்யூட்டரே எழுதிக் குடுத்துடுதாம், எம் பொண்ணு தப்பு மட்டும் பாக்கறாளாம்னு சேத்துச் சொன்னேன், அப்ப சம்பளத்துல பாதிய கம்ப்யூட்டருக்குத்தான குடுக்கணும்னு சங்கத்து சிந்தியா கேட்டுட்டா, நான் பாட்டு ஒண்ண ஆரம்பிச்சி தப்பிச்சிட்டேன். உன் லேப்டாப்பும் மட்டம், நீ வீடியோ கால்ல வந்தா பனிமூட்டத்துல நிக்கற மாதிரியே தெரியறே, அந்தக் கம்பெனிக்காரன் கேமரான்னு பேருக்கு எதையோ வெச்சி ஏமாத்திட்டான்னு இன்டர்நெட்ல நீ காரசாரமா எழுதினது ரொம்ப சரி, நாலு பேரு வாங்காம தப்பிப்பாங்க.

இப்ப ராஜாம்பாள் அத்த விஷயத்துக்கு வரேன். அதுக்கு விதவைப் பென்ஷன் வருதில்ல, அத வெச்சித்தான் அதோட மாத்திரையும் அரிசியும். உயிரோட இருக்கேன்னு வருஷத்துக்கு ஒரு தடவ பென்ஷன் ஆபீசு மேசையில போயி மூஞ்சியக் காட்டிட்டு வரும், இந்த வருஷம் அந்த மேசையவே எடுத்துட்டாங்க, போன்ல ஒரு ஆப்புலதான் காட்டணும், மாசக் கடைசிக்குள்ள காட்டாட்டி நின்னுடும்னு சொல்லிட்டாங்க. அத்தகிட்ட இருக்கறது பட்டன் போன். நான் சும்மா இருப்பேனா, எம் பொண்ணு ஆப் செய்யறவ, அந்த வித்தையெல்லாம் எனக்குத் தண்ணிபட்ட பாடுன்னு முன்னால போயி நின்னேன். பழைய போனே உனக்குப் போதும் பெரியம்மா, வருஷத்துக்கு ஒரு போன் வாங்கறது குப்பைய காசு குடுத்து வாங்கறதுன்னு நீ சொல்லியும் கேக்காம, பெரியப்பாவ நச்சரிச்சி புதுசா வாங்கினேன் பாரு, அந்தப் போனத்தான் தூக்கிக்கிட்டுப் போனேன்.

அத்த மூஞ்சிக்கு நேரா வெச்சா மூஞ்சி தெளிவா இல்லங்குது. கண்ண சிமிட்டுங்குது, அத்த சிமிட்டிச்சி, திரும்பவும் இல்லங்குது. ஜன்னலாண்ட நிக்க வெச்சேன், மொட்ட மாடி வெயில்ல நிக்க வெச்சேன், மூக்குத்தி மின்னுதோன்னு அதையும் கழட்ட வெச்சேன். ஏன்டி செல்வி, நான் செத்துட்டேன்னு இந்தப் பொட்டிக்கு யாருடி சொன்னதுன்னு அத்த கேட்டுது, சிரிச்சிக்கிட்டேதான் கேட்டுது, ஆனா கழட்டின மூக்குத்தியத் திரும்பப் போட்டுக்கல. அப்பத்தான் உனக்கு போன் பண்ணினேன். வயசான மூஞ்சி, கறுத்த மூஞ்சியெல்லாம் இந்த ஆப்புக்கு சரியா தெரியறதில்ல பெரியம்மா, அதுக்குத்தான் நான் தலதலயா அடிச்சிக்கறேன், ஆப் வெக்கட்டும், மனுஷன் உக்கார்ற மேசைய எடுக்கக் கூடாது, அதுதான் அரசாங்கம் போட வேண்டிய சட்டம்னு நீ கொதிச்சே, வெள்ளிக்கிழம இதயே சொல்றேன்னே. நானும் கூடச் சேந்து கொதிச்சேன்.

மறுநாள் கடைசியா ஒரு தடவ பாத்துடலாம்னு அத்த வந்துது. படம்னா தலமுடியாச்சும் ஒழுங்கா இருக்கணும்னு, அணைஞ்சிருந்த போன என் கையிலேந்து புடுங்கி முந்தானையால நல்லா அழுத்தித் தொடச்சி, கண்ணாடி மாதிரி அதுல பாத்து வகிடு சரி பண்ணிச்சி. அப்புறம் காட்டினா ஒரே சிமிட்டு, பச்ச டிக் விழுந்துடுச்சி. அத்த முந்தானைய மோந்து பாத்துட்டு, போன்ல என்னாடி எண்ணெ, பஜ்ஜி சுட்டியான்னு கேட்டுது. எனக்கு அப்பத்தான் தூக்கிவாரிப் போட்டுது. புதுப் போன் வந்த அன்னிக்கி வேளாங்கண்ணி கோயில் எண்ணெயால அதுக்கு சிலுவ போட்டேன். போனுக்கு நெத்தி எதுன்னு பாத்தேன், மேல நடுவுல ஒரு கறுப்புப் புள்ளி இருந்துது, பொட்டு வெக்கற எடம் மாதிரியே இருந்துதா, அங்கியே வெச்சேன். அதுதான் கேமராவாம். தெனம் காலையில வேற புதுசா வெச்சேன். பெரியப்பா சிரிக்கறது இதுக்குத்தான்.

அதனால வெள்ளிக்கிழம, கறுத்த மூஞ்சிய ஆப் ஒதுக்கிடுச்சின்னு அத்தய வெச்சி சொல்லாத, எவனாச்சும் தோண்டிப் பாத்தா உன் பேரு கெட்டுடும். ஆனா நீ கேட்ட மேச வேணாம்னு நான் சொல்லல. அந்த ஆப் அத்தனை தடவையும் மூஞ்சி சரியில்ல, மூஞ்சி சரியில்லன்னு அத்தயத்தான் குத்தம் சொல்லிச்சி. மேசைக்கு அந்தாண்ட ஒரு மனுஷி உக்காந்திருந்தா, ஏம்மா போனு பிசுக்கா இருக்கு, தொடச்சிட்டு வான்னு ஒரு வார்த்த சொல்லியிருப்பா. அத சொல்லு. எண்ணெ வெச்சது பக்தியுள்ள ஒரு அம்மான்னு மட்டும் சொல்லு, பேரு வேணாம்.

காலுறை போட்டுக்கோ, ராத்திரி வெறும் ரொட்டியத் தின்னுட்டுப் படுக்காத, ஞாயித்துக்கெழம பூசைய விடாத. ஆரோக்கிய மாதா உன் கையில இருக்கற வேலையையும் அதுக்கு ஒத்தாச பண்ற கம்ப்யூட்டரையும் சேத்து ஆசீர்வதிக்கட்டும்.

உன்ன வளத்த பெரியம்மா,
லூர்துசெல்வி, உப்பளம்.

ஐயோ ஜெர்லின், இப்பத்தான் ஞாபகம் வருது, நீ ஏர்போர்ட்டுக்கு கெளம்பற அன்னிக்கி குளிக்கப் போனப்ப உன் லேப்டாப்பத் தொறந்து அதுக்கும் நெத்தியில எண்ணெ வெச்சேன்.