காயல் தாண்டக்கூடாத நாளில் கம்ப்யூட்டர் பரீட்சை

பிப்ரவரி 9
கொச்சி மட்டாஞ்சேரி ஜெட்டிக்கு வாட்டர் மெட்ரோ படகு வந்ததற்கு அடுத்த வருடம் இது. எனக்கு எழுத்துத் தெரியாது. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. பேத்தி மாதுரி வைத்துக் கொடுத்தாள்.

அவள் பள்ளிக்கூடத்தில் இந்த வருடம் முதல் கம்ப்யூட்டரில் ஜெயித்தால்தான் பன்னிரண்டு பாஸாம். செய்முறைப் பரீட்சை பதினேழாம் தேதி, எர்ணாகுளத்தில்.

பிப்ரவரி 14
பங்காளி பழனியாண்டி விடியற்காலை போய்விட்டான். நகரசபையில் என்னோடு குப்பை வண்டி தள்ளியவன். அழுகை வரவில்லை.

பிப்ரவரி 16
எங்கள் வகையறாவில் பங்காளி செத்தால் கருமாதி முடியும்வரை யாரும் காயல் தாண்டக்கூடாது. எர்ணாகுளம் அக்கரை. மூத்தவன் நான், மாதுரி போகலாமா கூடாதா என்று நான்தான் சொல்லவேண்டும்.

மருமகள் சுமா கேட்டாள். "மாமா, பாலத்து வழியா பஸ்ஸில போனா தாண்டினதாகுமா?"

பங்காளி வெள்ளையன் முந்திக்கொண்டான். "பாலத்துக்குக் கீழ என்னடி ஓடுது, சாயாவா?"

இழவு வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பா செத்தபோது என் கல்யாணத்தையே தள்ளி வைத்தார்கள். பெண் அக்கரை. பந்தலில் கட்டிய வாழைக்குலை பழுத்து உதிர்ந்தது. அதை நினைத்துக்கொண்டே கூடாது என்றேன்.

பிப்ரவரி 17
மாதுரி போகவில்லை.

மே 21
முடிவு வந்தது. மாதுரியின் ஷபானா டீச்சர் வீட்டுக்கே வந்தார். "மத்ததெல்லாம் நல்ல மார்க், அப்பூப்பா. ஆனா கம்ப்யூட்டர் இல்லாம சர்டிபிகேட் தரமாட்டாங்க. ஜூன்ல இன்னொரு தடவ வைப்பாங்க. அதும் விட்டா ஒரு வருஷம் போச்சு."

மாதுரி என்னை ஒன்றும் கேட்கவில்லை. சோறு மட்டும் வைக்கிறாள். திட்டினால் தேவலை. எனக்கு ஏன் ஒன்றுமே தோன்றவில்லை?

ஜூன் 7
நாளை மறுபரீட்சை. சாயங்காலம் வெள்ளையன் மகன் கோவிந்த் வாசலில் வந்து நின்றான்.

"பெரியப்பா, அப்பா போயிட்டாரு."

சுமா மாதுரியின் யூனிபார்மைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நின்றாள்.

ஜூன் 8
வெள்ளையனை எடுக்குமுன் மாதுரியைப் பஸ் ஏற்றக் கூட்டிப்போனேன். இழவு வீட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். கோவிந்த் எழுந்து வந்தான்.

"பெரியப்பா, அப்பா இன்னும் உள்ள கெடக்காரு..."

"கெடக்கட்டும்டா. நான் வந்து தூக்குறேன். இவ போகட்டும்."

பஸ் படியில் கால் வைத்த மாதுரி திரும்பினாள். "யாராச்சும் ஏசினா, தாத்தா?"

பஸ் போன பிறகுதான் யோசித்தேன். யார் ஏச? பழனியாண்டி இல்லை. இனி வெள்ளையனும் இல்லை. எங்கள் வகையறாவில் கூடாது என்று சொல்ல மிச்சம் ஒருத்தன்தான் — குழந்தைசாமி. நான்.