உன் கோணல் வலை

போன மாதம் உன் மகள் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து என் தையல் மேசைமேல் வைத்தாள். திறந்ததும் உன் தலைவலித் தைல வாசனை குப்பென்று அடித்தது. உயிரோடு இருந்தபோது கடைசிக் காலத்தில் என் வாசல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவள், செத்த பிறகு நேராக வீட்டுக்குள் வந்துவிட்டாய்.

பைக்குள் நீ பாதியில் விட்ட போர்வை இருந்தது. நடுவில் பெரிய கனவுவலை, சுற்றிலும் சின்ன வலைகளுக்கு நீ பென்சிலில் போட்ட வட்டங்கள். நடு வலையை மட்டும் பின்னி முடித்திருந்தாய்.

"கொழிஞ்சாம்பாறையில அம்மா பேர்ல கடை போடறனுங்க சின்னம்மா. கடை தெறக்கற உத்காடனத்தன்னிக்கு இதையத்தான் நடுச் செவுத்துல மாட்டோணும். உங்களை விட்டா யாருங்க முடிச்சுக் குடுப்பாங்க?" என்றாள்.

அவளுக்கு ஒன்றும் தெரியாது. நீ சொல்லியிருக்கவும் மாட்டாய்.

நாம் பொள்ளாச்சி பஸ்ஸில் போன அந்தக் காலை நினைவிருக்கிறதா? டிரைவருக்கு முன்னால் கண்ணாடியில் ஒரு வளையம் தொங்கியது. உள்ளே நூல் வலை, கீழே இறகுகள். பக்கத்து சீட்டு காலேஜ் பெண்ணிடம் அது என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு என் காதில் சொன்னாய். "கெட்ட கனவெல்லாம் அதுல மாட்டிக்குமாமா புள்ள. நமக்கு வர்ற கனவுக்கு இத்தனூண்டு பத்தாது. போர்வையாத் தச்சு இழுத்து மூடிக்கோணும்." பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி இரண்டு பேரும் சிரித்தோம். அந்த யோசனை உன்னுடையதுதான். அதை நான் என்றைக்கும் இல்லையென்று சொன்னதில்லை.

விற்றதும் நீதான். எனக்குப் புது ஆளைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். சந்தையில் ஒருத்தர் நாம் துணியில் வலை பின்னித் தைத்த சுவர்த் தொங்கலைப் பார்த்து, "திருஷ்டிக்குங்களா?" என்றார். "ஆமாங்க, திருஷ்டிக்கும் ஆவும், கனவுக்கும் ஆவும்" என்று அவர் தலையில் கட்டிவிட்டாய். அவர் வீட்டு வாசலில் அது பூசணிக்காயோடும் மிளகாயோடும் சேர்ந்து காற்றில் ஆடுவதை வெகுநாள் பார்த்திருக்கிறேன்.

ஆனால் வலை உனக்கு வரவே இல்லை. வளையத்தைச் சுற்றிக் கண்ணி கண்ணியாகப் போட்டு உள்ளே பின்னிக்கொண்டே போய், நடுவில் வட்டமாக ஒரு கண் விடவேண்டும். உனக்குப் பொறுமை கிடையாது. நூலை வெடுக்கென்று இழுப்பாய். அந்தக் கண் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நிற்கும். நீ வீட்டுக்குப் போனதும் நான் அதைப் பிரித்து மறுபடி பின்னுவேன். உனக்காக அல்ல. கோணலைப் பார்த்தால் என் கண்ணுக்குப் பொறுக்காது. மறுநாள் நீ எடுத்துப் பார்த்துவிட்டு, "பரவால்ல, கை நல்லாத் திரும்பிடுச்சு" என்பாய். தெரிந்துதான் சொன்னாயா, தெரியாமலா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

பாலக்காட்டுக் கண்காட்சியில் என்ன சொன்னாய்? மைக்கை நீட்டிய பெண்ணிடம், "எல்லாம் நானே பண்றதுங்க" என்றாய். அவள் என்னைக் காட்டி இது யார் என்று கேட்டாள். "இவ ஊசியில நூல் கோத்துக் குடுப்பாளுங்க." நான் பக்கத்தில்தான் நின்றேன். சுவர் முழுக்க என் கைவேலை தொங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோர சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்தாய். அதோடு சரியாகிவிடும் என்று நினைத்தாய் போல.

அதற்குப் பிறகு நான் உன்னோடு சேர்ந்து பின்னவில்லை. எனக்குக் கைவலி என்று ஊரெல்லாம் சொன்னாயாம். நான் நின்றபின் நீ புதிதாக ஒன்றும் விற்கவில்லை என்று கேள்விப்பட்டேன். மனசுக்குக் குளுகுளுவென்று இருந்தது.

உன்னிடம் கேட்கவேண்டியதை எல்லாம் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது எனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன். நடுத்தெருவில், நாலு பேர் முன்னால் கேட்கவேண்டும் என்று இருந்தேன். ஆடிக் காற்றில் ஒரு மத்தியானம் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாய். துக்க வீட்டில் எல்லாரும் என்னைக் கட்டிக்கொண்டு, "உன்ற கூட்டாளி போயிட்டாளே" என்று அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. பதில் சொல்லாமலே தப்பித்துக்கொண்டாய்.

அதனால்தான் போர்வையை வாங்கி வைத்துக்கொண்டேன். சுற்று வலைகளை என் வாழ்நாளில் பின்னாத அழகில் பின்னினேன். துணி இறகுகளை ஒவ்வொன்றாக நரம்பு கீறித் தைத்தேன். நடு வலையைத் தொடவில்லை. பிரிக்கச் சொல்லிக் கை பரபரத்தது, பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டேன். முதல்முறையாக உன் கோணல் உன் பேரிலேயே நடுச்சுவரில் தொங்கட்டும், ஊர் பார்க்கட்டும்.

உத்காடனத்துக்கு வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். ஒருத்தரும் கவனிக்கவில்லை. உன் மகள் மட்டும் போர்வைக்கு முன்னால் நின்று அந்தக் கோணிய கண்ணை விரலால் தடவினாள்.

"இது எங்கம்மா கைங்க. எனக்குச் சடை பின்னுனாலும் இப்படித்தான், ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு நிக்கும்."

பிறகு கடையில் மாட்டியிருந்த பழைய தொங்கல்களிடம் போனாள். ஒவ்வொன்றாகக் கண்ணைத் தேடிப் பார்த்தாள். எல்லாம் நேராக இருந்தன. கடைசிச் சுவர்வரை போய்த் திரும்பினாள்.

"வேற ஒண்ணுலயும் அம்மா கை இல்லீங்களே சின்னம்மா."

நான் இத்தனை காலம் காத்திருந்த கேள்வி.

"இல்ல கண்ணு. அதெல்லாம் நான் பின்னுனது."

அவள் என்னோடு சண்டைக்கு வரவில்லை. நாற்காலி போட்டு ஏறி அந்தப் போர்வையைக் கழற்றி மடித்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "இது விக்கறதுக்கு இல்லீங்க. மத்ததுல உங்க பேரைப் போட்டுடலாம்" என்றாள். அப்படியே போட்டும்விட்டாள். நான் கேட்க நினைத்தது எல்லாம் கிடைத்துவிட்டது. நீ இருந்து பார்த்திருக்க வேண்டும். உன் முகம் போகும் போக்கைப் பார்க்க முடியாமல் போனதுதான் எனக்குக் குறை.

இப்போது நடுச்சுவர் காலியாக இருக்கிறது. அதற்கு ஒன்று பின்ன உட்கார்ந்திருக்கிறேன். நேற்று ஏனோ உன்னைப் போல நூலை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தேன். எத்தனை தரம் இழுத்தாலும் கண் நேராகத்தான் வந்து நிற்கிறது. உன் கோணல்களை அத்தனை காலம் பிரித்தவள் நான். ஒன்றைக்கூட எனக்குப் போடத் தெரியவில்லையடி, பாவி.