கோரஸ் பெடல், பழைய மாடல்

8.7, செவ்வாய்

மழை வரும் போல இருட்டி, வராமலே போய்விட்டது. ஜன்னல் வழியே தோல் டேனரி வாசனை மட்டும். அம்மா ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி. அப்பா தூங்கிவிட்டார்.

கணக்கு டெஸ்ட்: 41. இன்னும் கையெழுத்து வாங்கவில்லை.

சர்ச் கொயர் பிராக்டிஸில் நான் கிடார் வாசித்து முடித்ததும் ஸ்டெல்லா அக்கா: "ஜெனி, நீ வாசிக்கிறது கரெக்ட்டுதான். சவுண்டுதான் தகரத்தைத் தட்டற மாதிரி இருக்குது." எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

அக்கா வீட்டுப் பழைய கேசட்டில் கிடார் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். ஒரே கம்பி இரண்டாக அசைவது போல. அதற்குப் பெயர் கோரஸ். கிடாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு சின்னப் பெட்டி, காலால் மிதித்தால் அந்த சவுண்ட். நெட்டில் புதுசு விலை பார்த்தேன். உடனே மூடிவிட்டேன்.

ராணிப்பேட்டையில் ஒரு பாய் பழசு விற்கிறார். "கோரஸ் பெடல், பழைய மாடல் டைப், நீலம், 1800." என்னிடம் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கிறது. வீட்டுப் போனிலிருந்து மெசேஜ் போட்டேன். பெயர் பெஞ்சமின் என்று. பெண் என்றால் எப்படிப் பேசுவாரோ என்று பயம்.

பதில்: "தம்பி, நேர்ல வந்து வாசிச்சுப் பாரு. சனிக்கிழமை வரைக்கும் வெக்கிறேன்."

9.7, புதன்

பேஜார். சாயங்காலம் போன் அடித்தது. அப்பா எடுத்தார்.

"பெஞ்சமினா? அப்டி யாரும் இல்லியே."

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"இன்னா பெடலா?"

அப்பா ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் சூப்பர்வைசர். பெடல் என்றால் அவருக்குத் தையல் மெஷின் பெடல்தான்.

"பழசா? மிதிச்சா ஸ்மூத்தா இருக்குதா?... ஸ்பீடுக்குத் தனியா குமிழ் இருக்குதா? பரவால்லியே. எங்க லைன்ல நாலு பெடல் போய் கெடக்குது பாய். சனிக்கிழமை வர்றேன்."

பிறகு என்னிடம், "எவனோ பெஞ்சமின்னு ஒருத்தன் நம்ம நம்பரைக் குடுத்திருக்கான். நல்லதாப் போச்சு." கம்பெனியில் லீவ் வேறு சொல்லிவிட்டார்.

கழுவிய தட்டையே மறுபடி கழுவினேன்.

10.7, வியாழன்

சொல்லாவிட்டால்: அப்பா போவார். அந்தப் பெட்டியைப் பார்ப்பார். பாய் மெசேஜைக் காட்டுவார்.

சொன்னால்: 41-ம் வெளியே வரும். மார்க் குறைந்தால் கிடார் சர்ச்சுக்கே திரும்பிப் போகும் என்று அப்பா போன வருஷமே சொல்லியிருக்கிறார். சர்ச் கிடார்தான், என்னிடம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

வித்தாச்சு என்று பாயைச் சொல்லச் சொல்லலாம். அப்போது பெடல் போச்சு. அவரும் பொய் சொன்ன மாதிரி ஆகும்.

அம்மா டியூட்டிக்குக் கிளம்பும்போது கேட்டேன். "வேற பேர்ல மெசேஜ் பண்ணா போலீஸ் கேசாம்மா?"

"யாரு பண்ணது?"

"ஒரு பிரெண்டு."

"அந்த பிரெண்டு மத்தியானம் சாப்ட்டாளா?"

கணக்கில் ஒரு பயிற்சி முழுசாகப் போட்டேன். இரண்டு தப்பு.

11.7, வெள்ளி

சொல்லிவிட்டேன். காலையில், அப்பா ஸ்கூட்டி துடைக்கும்போது.

"அப்பா, பெஞ்சமின் நான்தான்."

"இன்னா?"

எல்லாம் சொன்னேன். டெஸ்ட் பேப்பரையும் நீட்டினேன்.

"நூத்துக்கா?"

"ம்."

பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப பாய் ஸ்பீடுன்னு சொன்னது?"

"சவுண்ட் எவ்ளோ வேகமா அசையணும்னு."

"அதுல மெஷின் ஓடாது?"

"ஓடாதுப்பா."

கையெழுத்துப் போட்டார். மறுபடி வண்டியைத் துடைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இப்போது கிடாரை உறையில் போட்டு வாசல் கதவோரம் வைத்திருக்கிறார். நாளைக்கு சர்ச்சில் கொடுத்துவிடுவார். எழுத முடியவில்லை.

12.7, சனி

காலை ஆறு மணி. "கெளம்பு."

கிடாரை முதுகில் மாட்டி ஸ்கூட்டியில் உட்கார்ந்தேன். சர்ச் திருப்பத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி திரும்பவில்லை. பஸ் ஸ்டாண்ட்.

"அப்பா, சர்ச்சு..."

"வாசிச்சுப் பாக்காம எப்டி வாங்குவ?"

வேலூரில் இறங்கி ராணிப்பேட்டை பஸ் ஏறினோம்.

பாய்க்கு வெள்ளைத் தாடி. கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தவராம். "தம்பி வர்லியா?"

அப்பா என்னைக் காட்டினார். "இதான் தம்பி."

பாய் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "அப்ப அந்த நாலு பெடல் ஆர்டர் கேன்சலா சார்?"

மிதித்தேன். கிடாரில் ஒரே ஒரு ஜி கார்டு வாசித்தேன். அறை முழுக்க மெதுவாக ஆடியது. கேசட்டில் கேட்டதேதான். என் கையிலிருந்து வருகிறது என்று நம்ப முடியவில்லை.

அப்பா குனிந்து பெட்டியையே பார்த்தார். "இன்னொரு தரம் மிதி." நாலு தரம் கேட்டார்.

பெடலை வாங்கிக்கொண்டு திரும்பும் பஸ்ஸில்: "அடுத்த டெஸ்ட்ல அறுவது. தெனம் கணக்கு முடிச்சிட்டுத்தான் மிதிக்கணும். இனிமே உன் பேர்லயே பேசு, இன்னா?"

சரி என்றேன். அறுபது முடியுமா தெரியவில்லை. முடியும்.

ராத்திரி மணி எட்டரை. நாளைக்கு ஆராதனையில் முதல் பாட்டுக்கே பெடல் வேண்டும், ஆனால் உள்ளே இருந்த பேட்டரி வீடு வருவதற்குள் செத்துவிட்டது. சதுரமான ஒன்பது வோல்ட். எங்கள் தெருக் கடையில் இல்லை. அப்பா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு பஜார் பக்கம் தேடப் போயிருக்கிறார்.

ஸ்கூட்டி சத்தம். கதவைத் திறக்கப் போகிறேன்.