மூலம் என்று உமக்கு ஆர் சொன்னது?

ரூஜ், ஸ்காபரோ, கனடா
சனிக்கிழமை

அன்புள்ள தம்பி கிருபனுக்கு,

ஒஸ்லோவில் நிலக்சியும் பிள்ளைகளும் நல்லபடி இருப்பினம் என்று நம்புகிறேன். உம்மட சுகத்தை நான் விசாரிக்கப் போவதில்லை. அது எப்படி இருக்கிறதென்று போன ஞாயிற்றுக்கிழமை நீரே சொல்லிவிட்டீர்.

இந்தக் காலத்தில் ஆர் கடிதம் எழுதுவினம் என்று நீர் நினைப்பீர். என்ன செய்ய? போனில் நான் வாயைத் திறந்தால், "அண்ணி, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுகிறீர். இதை வாசித்துத்தான் ஆகவேண்டும்.

அன்றைக்கு நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டு நின்றேன். உம்மட அண்ணை போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, தன்னுடைய ஒப்பரேசன் கதையை ஏதோ கலியாண வீட்டுக்குப் போய்வந்த மாதிரி உமக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது நீர் சொன்னீர், எனக்கும்தான் அண்ணை இடைக்கிடை ரத்தம் போகுது, மூலம்தான், உறைப்பைக் குறைச்சால் சரியாயிடும் என்று. சொல்லிவிட்டுச் சிரித்தீர். வயிற்றில் இவ்வளவு பெரிய வெட்டுக் காயத்தை வைத்துக்கொண்டு அவரும் சேர்ந்து சிரித்தார். நான் கையைக் கழுவிவிட்டு ஓடிவர முதல் நீர் போனை வைத்துவிட்டீர்.

அவர் உமக்குச் சொன்னது பாதிக் கதை. மிச்சத்தை நான் சொல்கிறேன்.

போன வருசம் ஒருநாள் உம்மட அண்ணை தன்ரை உடுப்பைத் தானே தோய்க்கத் தொடங்கினார். வோஷிங் மெசினை எந்தப் பக்கத்தால் திறக்கிறதென்று தெரியாத மனுசன்! நான் சந்தோசப்பட்டு மகள் மதுராவுக்கும் சொன்னேன், அப்பா திருந்திவிட்டார் என்று. பிறகுதான் விளங்கியது, ரத்தக் கறையை மறைக்கத்தான் அந்த வேலை என்று. கேட்டால் பீற்றூட் சாப்பிட்டனான் என்றார். வீட்டில் பீற்றூட் சமைத்து எத்தனையோ மாதம். அதற்குப் பிறகு உடம்புச் சூடு என்று மோர் குடித்தார். வேலையிடத்தில் ஒருவர் மூலம்தான் என்று சொன்னாராம், அன்றிலிருந்து தானும் மூலம் மூலம் என்று சொல்லிப் பார்மசியில் ஒரு கிறீம் வாங்கிப் பூசினார். காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. வயிற்று வண்டி வத்திவிட்டது என்று அதற்கும் பெருமை. மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று போனைப் பார்க்கிற மாதிரி நடிப்பார். மூச்சு வாங்குவது எனக்குத் தெரியாதென்று நினைப்பு.

நான் சண்டை பிடித்து, குடும்ப டொக்டரிடம் நாள் எடுத்துக் கொடுத்தேன். போனார். திரும்பி வந்ததும், சொன்னீங்களா என்று கேட்டேன். முழங்கால் நோவைச் சொன்னாராம்! முழங்காலை! டொக்டர் ஒரு பொம்பிளை, அவவிட்டை உந்த ரத்தக் கதையை எப்படிச் சொல்லுறது என்று என்னைத் திருப்பிக் கேட்கிறார். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத ஏலாது.

பிறகு ஒருநாள் காலையில் பிக்கரிங் ஸ்டேசனில், ரயிலுக்கு நின்ற இடத்திலேயே விழுந்துவிட்டார். முன்பின் தெரியாத இரண்டு பேர் தாங்கிப் பிடித்து அம்புலன்சுக்குப் போன் அடித்திருக்கினம். அன்றைக்கு விடியவே நிறைய ரத்தம் போய், தலையும் சுற்றியிருக்கிறது. ஒரு சொல் சொல்லாமல் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு வெளிக்கிட்டவர் உம்மட அண்ணை.

ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றி, கமரா விட்டுக் குடலைப் பார்த்தார்கள். அவருக்கு மூலமும் இருந்தது தம்பி. அதற்கு மேலே பெருங்குடலில் கட்டியும் இருந்தது. மூலம் மூலம் என்று அவர் சொன்னது பொய்யில்லை. அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் மற்றதை வளரவிட்டார்.

அங்கே இருந்த டொக்டர் பிள்ளையிடம் நான் எல்லாம் கேட்டேன். ரத்தம் போகிற எல்லாருக்கும் புற்றுநோய் இல்லை, முக்கால்வாசிப் பேருக்கு மூலமோ ஆசனவாய் வெடிப்போ வேறு சின்னக் காரணமோதான் என்றா. ஆனால் எது என்று சோதிக்காமல் ஆராலும் சொல்ல ஏலாது, அதனால் ரத்தம் கண்டால் எவரும் வந்து காட்டவேண்டும் என்றா. மலம் போகிற வழக்கம் மாறினால், உடம்பு மெலிந்தால், காரணமில்லாமல் களைத்தால் நாளைக் கடத்தக்கூடாதாம். நிறைய ரத்தம் போனாலோ, தார் மாதிரிக் கறுப்பாகப் போனாலோ, தலை சுற்றினாலோ, வயிறு தாங்கமுடியாமல் நொந்தாலோ உடனே எமேர்ஜென்சிக்கு ஓடவேண்டுமாம். இன்னொன்றும் சொன்னா. கூடப்பிறந்தவர்கள் சுகமாக இருந்தால்கூடத் தங்களைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று. உமக்கோ ரத்தமே போகுது. நீர் உறைப்பைக் குறைக்கிறீர்!

எல்லாம் வெட்டி எடுத்தாச்சு, இனிப் பயமில்லை என்றுதானே அவர் உமக்குச் சொன்னவர்? கட்டியை எடுத்தது உண்மை. பக்கத்து நிணநீர்க் கணுக்கள் சிலவற்றிலும் அந்தப் புற்று இருந்தது. அதனால் இப்போது கீமோ நடக்கிறது. அந்த மருந்துக்குக் குளிர் ஆகாது. பிரிட்ஜில் இருந்து பால் எடுக்கக் கையுறை போடுகிறார். உமக்குச் சொல்லவேண்டாம் என்று என்னிடம் சத்தியம் வாங்கினவர். அதை நான் இன்றைக்கு உடைத்துவிட்டேன். பாவம் வந்தால் வரட்டும்.

நீர் போனை வைத்த பிறகு அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. மீன் பொரித்துக் கொடுத்தேன், தொடவில்லை. கடைசியில், "மலர், நீர் உவனுக்கு எழுதும், நான் சொன்னால் உவன் கேட்கமாட்டான்" என்றார். தனக்கு நோய் என்று டொக்டர் சொன்ன அன்றைக்கு அழாத மனுசன், அப்போது அழுதார்.

ஆனபடியால் தம்பி, திங்கட்கிழமையே டொக்டருக்குப் போன் அடியும். ரத்தம் போகிறதையும் சொல்லும், அண்ணைக்கு வந்ததையும் சொல்லும். முழங்கால், முதுகு ஒன்றையும் இழுக்கவேண்டாம். வாய் வராவிட்டால் நிலக்சியை உள்ளே கூட்டிக்கொண்டு போம். சோதனைக்கு முதல்நாள் மருந்து குடித்துக் கக்கூசுக்கு நடக்கிற பாடுதான். மற்றபடி மயக்கிவிடுவினம், ஒன்றும் தெரியாது.

என்னோடு கோவிக்கிறதென்றால் கோவியும். உம்மட பிள்ளைகளுக்கு முன்னால் நீர் நீண்ட ஆயுளோடு நடமாடவேண்டும் என்று நான் கடவுளிடம் நேர்ந்துகொள்ளாத நாளில்லை. வெட்கம் இருந்தால் வெட்கத்தோடே போம். பயம் இருந்தால் பயத்தோடே போம். அண்ணையும் இப்போது அப்படித்தான் போய்வருகிறார்.

உம்மில் இருக்கிற உரிமையோடு,
அண்ணி யோகமலர்