சல்லடைக்கு ஒரு ஆட்டம்

நவம்பர் 3, திங்கள்

இந்த ஐஸ் ஹாக்கி அணியின் வரலாற்றை நான் எழுத வேண்டுமாம். ஐம்பதாம் ஆண்டு மலருக்கு. பயிற்சி முடிந்ததும் ஓனர் ப்ரூவிட் என் தோளில் கை போட்டார். "எரிக், நீ பெஞ்சுல சும்மாதானே உக்காந்திருக்க? எழுதேன்."

சும்மா இல்லை, கதவு திறக்கிறேன். ஆட்டக்காரர்கள் பனிக்குள் போகும்போதும் வரும்போதும் பெஞ்சின் கதவைத் திறந்து மூடுவதுதான் இரண்டாம் கோல்கீப்பரின் உத்தியோகம். வயது முப்பத்தாறு. கார்வர் ஃபால்ஸ் ஊரில் எட்டாவது சீசன். இந்த சீசனில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. வலையில் நிற்பவன் கோல்பி, இருபத்திரண்டு வயதுப் பொடியன். பல் துலக்கும்போது கண்ணாடியைப் பார்த்துக் கண்ணடிப்பவன்.

நவம்பர் 6

வரலாறா இது? ஐம்பது வருடத்தில் நான்கு பெயர். காகித ஆலை நடத்தியபோது பேப்பர்மேக்கர்ஸ். ஆலை மூடியதும் காமெட்ஸ். அடுத்த ஓனருக்குக் குதிரை பிடிக்கும் என்பதால் ஸ்டாலியன்ஸ். இப்போது ஆற்று மீன் பெயரில் மஸ்கீஸ். பெயர் மாறிய அளவுக்கு ஆட்டம் மாறியிருந்தால் ஒரு கோப்பையாவது வந்திருக்கும்.

நவம்பர் 15, சனி

1979 அணியின் கேப்டன் ரோலண்ட் ஜெர்வேயைப் பார்க்கப் போனேன். முன்பற்கள் இல்லை, வாய் மட்டும் ஓயவில்லை. "இறுதி ஆட்டத்துல நாங்கதான்யா ஜெயிச்சோம். கூடுதல் நேரம், என் மட்டை, என் கோல். ஊரே அழுதுச்சு."

திரும்பும் வழியில் நூலகத்தில் பழைய பேப்பரைப் புரட்டினேன். 2–6. தோல்வி. ஜெர்வே இரண்டாம் பீரியடிலேயே சண்டை போட்டு வெளியேற்றப்பட்டிருக்கிறார். ஊர் அழுதது உண்மையாக இருக்கலாம்.

அரங்கத்தின் கூரையில் தொங்கும் ஒரே கொடியும் அதுதான்: '1979 இறுதிப் போட்டி'. இறுதிப் போட்டிக்குப் போனதற்கு ஒரு கொடி! என்ன ஆயிற்று என்று மட்டும் எழுதவில்லை. நான் எழுதுவேன். இந்த ஊரின் புளுகையெல்லாம் கிழித்துக் காயப்போடுகிறேன்.

நவம்பர் 28

நேற்று நன்றி நாள் சாப்பாட்டு மேஜையிலேயே என் மனைவி கார்லா ஆரம்பித்தாள். அவள் தம்பி டேலுக்குக் குழாய் வேலைக்கு ஆள் வேண்டும்.

"கிறிஸ்துமஸோட நிறுத்திடு எரிக். கதவு திறக்கணும்னா ஏதாவது ஹோட்டல்ல திறக்கலாமே."

"ஒரே ஒரு ஆட்டம். ஆடிட்டு நிறுத்திடறேன்."

"அதுக்குள்ள ஆனிக்குக் கல்யாணம் ஆயிடும்."

ஆனிக்கு ஆறு வயது. அப்பா வலையில் நின்று ஆடியது அவளுக்கு நினைவே இல்லை. பள்ளியில் கேட்டதற்கு, "எங்கப்பா கதவு திறக்கிறவர்" என்றாளாம். வேறொன்றும் வேண்டாம் எனக்கு. ஒரு ஆட்டம், அதை அவள் பார்க்க வேண்டும்.

நவம்பர் 30

கோச்சிடம் கேட்டேன். "பாக்கலாம்" என்றார். இவர் பார்த்தது போதும்.

டிசம்பர் 12, வெள்ளி

கோல்பிக்குக் காய்ச்சல், வாந்தி. கடவுள் இருக்கிறார்.

நாளை நான். அதுவும் பொம்மை இரவு. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் அரங்கம் நிரம்பும். நமது அணியின் முதல் கோல் விழுந்ததும் எல்லோரும் பொம்மைகளைப் பனி மேல் எறிவார்கள். பொறுக்கி மருத்துவமனைப் பிள்ளைகளுக்கு அனுப்புவோம். ஆட்டத்தைப் பார்க்க ஒருவனும் வருவதில்லை, எறிய வருகிறார்கள். கார்லாவிடம் சொன்னேன். ஆனி தன் நீலக் கரடியை இப்போதே பையில் போட்டுவிட்டாள்.

டிசம்பர் 14, ஞாயிறு காலை

எழுதிவிடுகிறேன்.

வலைக்குப் பின்னால் வழக்கம்போல லெனார்ட். ஆலையில் கொதிகலன் பார்த்தவன், கையில் மாட்டு மணி, எட்டு வருடமாக என்னைத் திட்டுவதற்கென்றே டிக்கெட் வாங்குபவன். "ஏய் சல்லடை! இன்னிக்கு எத்தனை ஓட்டை?" எதிரணி கோல்கீப்பரைத்தான் உலகம் முழுக்க சல்லடை என்று கத்துவார்கள். இவன் சொந்த ஆளைக் கத்துவான்.

முதல் பீரியட் பூஜ்யம். இரண்டாவது பூஜ்யம். வந்ததையெல்லாம் தடுத்தேன். காலால், தோளால், ஒன்றை முகமூடியால். நமது ஆட்கள் அந்தப் பக்கம் ஒரு கோல் போட்டால்தானே! ஆயிரம் பேர் மடியில் பொம்மையோடு பிரசவ வார்டு வாசலில் காத்திருப்பவர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்றாவது, கடைசிப் பீரியடின் நடுவில் எதிர்வலைக்குப் பின்னால் கோல் விளக்கு சிவப்பாக எரிந்தது. அவ்வளவுதான். கரடி, முயல், யானை, ஆளுயர ஒட்டகச்சிவிங்கி ஒன்று. பனியே தெரியவில்லை. ஆனி நாற்காலி மேல் ஏறி நின்று எறிவதைப் பார்த்தேன். கரடி தடுப்புக் கண்ணாடியைத் தாண்டவில்லை. யாரோ எடுத்து எறிந்து கொடுத்தார்கள்.

பொறுக்க அரைமணி நேரம். வெளியே பனிப்புயல் வேறு. எறிந்தாயிற்று, கோலும் விழுந்தாயிற்று என்று குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிட்டார்கள். கார்லாவும் ஆனியைத் தூக்கிக்கொண்டு கையாட்டிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு நடுவர் வந்து சொன்னார், கோல் செல்லாதாம். நமது மேதாவி ஒருவன் பக்கை, அந்த ரப்பர் வட்டை, மட்டையால் அடிக்காமல் காலால் உதைத்து வலைக்குள் தள்ளியிருக்கிறான். விளக்கைப் போட்ட கிழவர் அதைக் கவனிக்கவில்லை. ஒலிபெருக்கியில் அறிவித்தது கரகரவென்று போயிற்று, கேட்க ஆளும் இல்லை.

அரைமணி நேரம் நின்று கால் விறைத்திருந்தது. ஆட்டம் மீண்டும் தொடங்கி வந்த முதல் ஷாட். மெதுவாகத்தான் வந்தது. ஆனி அடித்தால்கூட அதைவிட வேகமாக வரும். ரெண்டு கால் நடுவுல போச்சு. ஏன்டா மூடல? ரெண்டு மணி நேரமா மூடின காலை அப்ப ஏன்டா மூடல, முட்டாப்பயலே?

0–1. அப்படியே முடிந்தது.

அதே நாள், மாலை

காலையில் ஆனி என் மேல் ஏறிக் குதித்தாள். "அப்பா ஜெயிச்சிட்ட!" நான் அப்பம் சுடுவதில் மும்முரமாக இருப்பதுபோல் நடித்தேன்.

அவள் வெளியே பனியில் விளையாடப் போனதும் கார்லாவிடம் சொன்னேன். "தோத்துட்டோம்."

"தெரியும். கார் ரேடியோல கேட்டேன். அவ தூங்கிட்டிருந்தா."

"இப்படியா கார்லா முடியணும்? இன்னும் ஒண்ணு—"

"ஜெயிச்சிட்டு நிறுத்தறேன்னு நீ சொல்லல எரிக். ஆடிட்டு நிறுத்தறேன்னுதான் சொன்ன."

அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது.

டிசம்பர் 22

நிறுத்திவிட்டேன். கோச், "அப்படியா" என்றார்.

ஜனவரி 9

மளிகைக்கடையில் இரண்டு பேர் கை குலுக்கி வாழ்த்தினார்கள். ஊரில் பாதிப் பேருக்கு நாங்கள் ஜெயித்ததாகத்தான் நினைப்பு. சொந்த அணி தோற்றதுகூடத் தெரியாத ரசிகர்கள்! திருத்தித் திருத்தி வாய் வலிக்கிறது. இதற்கிடையில் ப்ரூவிட் மலருக்குக் கடைசிப் பக்கம் கேட்டு நச்சரிக்கிறார்.

ஜனவரி 20, செவ்வாய்

கடும் குளிர், ஊர் முழுக்கக் குழாய் உறைந்து வெடிக்கிறது. டேல் ஒரு வீட்டுக்கு அனுப்பினான். கதவைத் திறந்தது லெனார்ட்.

போச்சு என்று நினைத்தேன். அன்று கடைசி வரை எழாமல் உட்கார்ந்திருந்த பத்திருபது பேரில் இவன் ஒருவன். பக் என் காலிடுக்கில் போனதை என் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்த்தவன். சமையலறைத் தொட்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு வசவுக்குக் காத்திருந்தேன்.

அவன் தங்கை பையன் மில்வாக்கியிலிருந்து வந்திருந்தான். "யாரு மாமா இவரு?"

"எரிக் ஹாவரினன். நம்ம கோல்கீப்பர். பொம்மை இரவுல ஒரு கோல் விடலடா இந்த ஆளு. ஒண்ணுகூட விடல. நான் அங்கயேதான் உக்காந்திருந்தேன்."

தொட்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினேன். லெனார்ட் என்னை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றான். சிரிக்கவில்லை.

"எத்தனை ஷாட் தடுத்தீங்க?" என்று பையன் கேட்டான்.

உண்மையில் இருபத்தாறு. "நாப்பது இருக்கும்" என்றேன்.

"நாப்பத்தி ரெண்டு" என்றான் லெனார்ட்.