நீளக்கையனுக்குக் கொடுத்த ஓய்வு

லேப்டாப்பைத் திறந்ததுமே அந்தச் சூட்டு வாசனை வந்துவிட்டது. தூசியும் பிளாஸ்டிக்கும், நீங்கள் பக்கத்தில் வைத்துக் குடித்துச் சிந்திய டீயும். நீங்கள் போன பிறகு இன்றுதான் அதைத் தொடுகிறேன். ஆசைப்பட்டுத் தொடவில்லை. உங்களோடு கம்பெனி பஸ் ஓட்டிய ஜோசப் வந்து கேட்டார்.

முன்னே நீங்கள் கார் ஓட்டிய ஜப்பான்காரர் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது அது. உள்ளே பேஸ்பால் கேம். நாம் பிறக்கும் முன்பே அமெரிக்காவில் ஆடி முடித்த ஒரு வருஷத்து மேட்ச் எல்லாம் அதில் இருந்தது. அதே டீம், அதே ஆட்கள். யாரை எப்போது இறக்குவது என்பது மட்டும் உங்கள் கையில். ஷிப்ட் முடிந்து வந்தால் யூனிபாரம்கூட மாற்றாமல் ஒரு மேட்ச் ஆடுவீர்கள்.

"முடிஞ்சி போன ஆட்டத்தப் போயி ஆடிக்கினு கீறீங்களே, இன்னா வரும்னு தெரிஞ்சதுதானே?" என்றேன்.

"தெரிஞ்சதாலதாம்மே ஆடறேன். அந்த வருசம் இவன ஓட்டி ஓட்டி, கடைசி மேட்ச்சுல கைய உடைச்சிட்டானுங்க. இந்தவாட்டி உட மாட்டேன்."

இவன் என்றால் பந்து எறிகிறவன். அவன் நிஜப் பேர் என் வாயில் நுழையாது. நீங்கள் வைத்த நீளக்கையன்தான் எனக்கும். பேருக்குப் பக்கத்தில் சிவப்புக் கோடு வந்தால் களைத்துவிட்டான், பச்சை வந்தால் தேறிவிட்டான். இங்கிலீஷ் தெரியாத எனக்கும் அது புரியும். சிவப்பைப் பார்த்ததும், "நீ உக்காரு ராசா, அடுத்த ஆள் பாத்துக்குவான்" என்று திரையிடம் சொல்வீர்கள். அந்த ராசாவைக் கேட்டால் எனக்கு வயிறு எரியும். என்னை ஒருநாளும் உட்காரச் சொன்னதில்லை நீங்கள்.

நானும் கம்பெனியில் கார் ஒயர் கட்டுகிற லைனில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவள்தானே. மணிக்கட்டு வீங்கி, சோற்றுப் பானையைத் தூக்க முடியாத அன்று, "எனுக்கும் செவப்பு வந்துட்ச்சு, பாருங்க" என்றேன். தைலம் எடுத்து வந்தீர்கள். தேய்த்தது என் கையை, பார்த்தது திரையை.

"போங்க, உங்க சக்களத்திக்கே தேயுங்க."

"ஆம்பள சக்களத்தியா!" என்று நீங்கள் சிரித்தது பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். நான் சிரிக்கவில்லை.

அவனைப் பார்த்துப் பார்த்து உட்கார வைத்தவர், உங்களுக்கு ஒருநாள் லீவு போட்டீர்களா? நெஞ்சை அழுத்துகிறது என்று சொன்ன அன்றும், "ஆள் இல்லம்மே, நான்தான் போவணும்" என்று ஒரகடத்துக்கு பஸ்ஸை எடுத்தீர்கள். திரும்பி வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

இன்று ஜோசப் சொன்னார்: "அண்ணி, அண்ணன் கடைசி மேட்ச்ச பாக்கி வச்சிட்டுப் போய்ட்டாரு. நான் முடிச்சிடறேன்."

நீளக்கையன் பக்கத்தில் சிவப்பு. நீங்கள் வெளியே உட்கார வைத்தபடியே இருந்தான்.

"இவன எறக்கினா ஜெயிச்சிடலாம் அண்ணி. இதுக்கப்புறம் மேட்ச்சே இல்ல. கை போனா போவட்டும், இப்ப இன்னா?"

உடையட்டுமே என்றுதான் எனக்கும் தோன்றியது. என் புருஷன் போய்ச் சேர்ந்தார், இவன் கை மட்டும் எதற்கு நன்றாக இருக்கவேண்டும்? ஆனால் வாய் வேறு சொன்னது.

"அவரு உக்கார வச்சவன எழுப்பாதீங்க. வேற ஆள எறக்குங்க."

"தோத்துடுவோம் அண்ணி."

"தோத்தா தோக்கட்டும்."

தோற்றுத்தான் போனோம். ஜோசப்புக்கு முகம் சுண்டிவிட்டது, டீகூடக் குடிக்காமல் கிளம்பினார். நான் நீளக்கையன் பேரைத் தேடினேன். பச்சை. கை நன்றாக இருக்கிறது அந்தப் பாவிக்கு. நீங்கள் ஆசைப்பட்டது நடந்துவிட்டது.

பொழுது சாயும்போது சூப்பர்வைசர் போன் செய்தார். நாளைக்கு ஞாயிறு, ஓ.டி.க்கு ஆள் இல்லையாம்.

"அடுத்த ஆள் பாத்துக்குவாங்க சார். நான் உக்காரப் போறேன்" என்றேன்.

உட்கார்ந்திருக்கிறேன், மணிக்கட்டில் தைலத்தோடு. அது நீங்கள் அவனுக்குச் சொன்ன வார்த்தை. அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். திருப்பித் தர மாட்டேன்.