என் தங்கச்சிதாங்க

பாப்பா,

நீ போனை எடுக்க மாட்டாய். அதனால் எழுதுகிறேன்.

நேற்று நிருபர்களான எங்களுக்கு ஆன்லைனில் ஒரு பயிலரங்கம். பத்திரிகை மேல் மக்களுக்குப் போன நம்பிக்கையை எப்படித் திரும்பப் பெறுவது என்று சென்னையிலிருந்து ஒருவர் பேசினார். எளியவர்களை எப்படிக் காட்ட வேண்டும் என்பதற்கு உதாரணமாக ஒரு படத்தைத் திரையில் போட்டார். மெஷினில் கை போன சிநேகிதிக்காக, சேதராப்பட்டில் கம்பெனி வாசலில் நீ அழுதுகொண்டு நிற்கிறாய். நான் எடுத்த படம்; கீழே என் பெயரும் இருந்தது.

"இந்த முகத்தப் பாருங்க, எவ்ளோ உண்மை!" என்று சொல்லி அதைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். நாற்பது பேர் கைதட்டும் பொம்மையை அனுப்பினார்கள்.

அந்தப் படம் பேப்பரில் வந்த மறுநாளே உன்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவருக்கு அது தெரியாது. தெரிந்த நான் கேமராவுக்கு முன்னால் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் காரைக்கால் பெண் ஒருத்தி என்னிடம், "அவங்ககிட்ட பர்மிஷன் வாங்குனீங்களா மேடம்?" என்று கேட்டாள்.

"என் தங்கச்சிதாங்க," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அதற்கும் கைதட்டல். த்தூ!

படத்தில் உன் வாய் திறந்திருக்கிறது. அழுகையில் திறந்த வாய் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். "மூஞ்சிய எடுக்காதக்கா" என்று நீ சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது.

கேட்டுக்கொண்டேதான் எடுத்தேன்.

அக்கா